மூன்றாகப் பிரித்த ஆபீஸும் நான் எழுதிய பெயரும்

போன வாரம் நம் ஆபீஸுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் மூன்று பேர் வீடு தேடி வந்து, "சார், வீலான் போடும்போது எதைக் கவனிக்கணும்?" என்று கேட்டார்கள். ஒரே நெட்வொர்க்கைத் தடுப்புப் போட்டுத் தனித்தனியாகப் பிரிப்பதைத்தான் வீலான் என்கிறோம். கட்டளைகளைக் கேட்கிறீர்கள் என்றால் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்தக் கேபிளை எந்தப் பிரிவில் போடுவது என்பதெல்லாம் ஒரு மத்தியான வேலை. நான் சொல்ல நினைப்பது வேறு. வேலை முடிந்ததும் ஒரு ரிப்போர்ட் எழுதித் தா என்பார்களே, அதைப் பற்றி. கேபிளில் நான் செய்த பிழைகள் எண்ணி முடியாது. அவற்றில் ஒன்றுகூட இன்று மனதில் நிற்கவில்லை. ஒரு தாளில் எழுதிய பிழை மட்டும் இன்னும் நிற்கிறது.

நடந்தது பெல்மதுளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். யுத்தம் மறுபடியும் உக்கிரமாகியிருந்த வருஷங்கள் அவை. நான் கம்பனியின் கொழும்பு ஆபீஸில் நெட்வொர்க் டெக்னீஷியன். தோட்டத்துக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் என்னைத்தான் பிடிப்பார்கள். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன், தமிழும் பேசுவேன், சிங்களமும் பேசுவேன், அட்டை கடித்தால் அழமாட்டேன். இந்த முறை அவசரமாகப் போகச் சொன்னார்கள், ஆனால் காரணம் சொல்லவில்லை. "தொரை சொல்லுவாரு" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். பையில் இருந்த கேபிளையும் கிரிம்பரையும் பார்த்து வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸைவிட்டு இறக்கி, முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார்கள். அந்த நாளில் யாரும் யாரையும் சும்மா பார்ப்பதில்லை.

துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், நாற்பது வயதுச் சிங்களவர். கெட்டிக்காரர், முன்கோபி. நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். நான் உள்ளே போனதும் அவரே எழுந்துவந்து கதவைச் சாத்தினார்.

"இந்த ஆபீஸ்ல ஒரு கள்ளன் இருக்கான்" என்றார்.

விஷயம் இதுதான். மூன்றாம் டிவிசனில் பால் வற்றிப்போன பழைய ரப்பர் மலை ஒன்று இருந்தது. அதை மாணிக்கக் கல் தோண்ட விடலாமா என்று துரையும் கொழும்பும் கடிதத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையடியில் இருபது குடும்பங்கள் குடியிருந்த ஒரு லயம். தோண்டுவதென்றால் அதை உடைத்து ஆட்களை வேறு டிவிசனுக்கு அனுப்பவேண்டும். இன்னும் முடிவாகாத யோசனை. ஆனால் துரை தன் கையால் டைப் செய்த வசனம் அப்படியே தொழிற்சங்கத் தலைவரின் வாயில் வந்துவிட்டது. அதுவும் விடிகாலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், வேலைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும்.

"என் கம்பியூட்டர்ல இருக்கிறத யாரோ பாக்குறாங்க. பிரிச்சு விடு. மொதல்ல அந்தப் பொண்ணோட மிஷின வெட்டு."

அந்தப் பொண்ணு என்றது ஜெயராணியை. நலன்புரிப் பிரிவில் கிளாக்கர், இருபத்தாறு வயது. உடைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட அதே லயத்தில் பிறந்தவள். அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறாள். அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து ஏ.எல். பரீட்சைவரை படித்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். சந்தேகப்பட இதற்குமேல் என்ன வேண்டும்? துரைக்கு மட்டுமல்ல, கதவைத் திறந்து வெளியே வந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிரித்தேன். ஒரே ஸ்விட்ச், அதற்குள்ளேயே தடுப்புப் போட்டு மூன்று பிரிவு. துரையின் அறை ஒன்று, கிளாக்கர்மார் மண்டபம் ஒன்று, ஸ்டோர் ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவை எட்டிப்பார்க்க முடியாது. யார் எட்டிப்பார்க்க முயன்றாலும் ஒரு பதிவு விழும்படி வைத்தேன். பழைய பொதுப் போல்டரை மூடினேன். இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். ஆபீஸ் முழுக்க இருந்தது ஒரு லேசர் பிரிண்டர், அது மண்டபத்தில் இருந்தது. துரையின் பிரிவிலிருந்து அந்தப் பிரிண்டருக்கு மட்டும் ஒரு வழி விட்டேன். போகிற வழியை விட்டவன், திரும்பி வருகிற வழியைப் பாதிதான் விட்டேன். எதற்கும் இறுக்கமாக இருக்கட்டும் என்ற புத்தி.

அதனால் என்ன ஆனதென்றால், துரை அமுக்கினால் தாள் மண்டபத்தில் அச்சாகி விழும். அச்சாகிவிட்டது என்ற பதில் மட்டும் அவருடைய கணினிக்குப் போகாது. அவர் இன்னொரு தடவை அமுக்குவார். பொறுமையில்லாத மனிதர், மூன்றாவது தடவையும் அமுக்குவார்.

"நீ வந்ததுக்குப் பெறகு பிரிண்டர் மந்தமாயிருச்சே?" என்று கேட்டார்.

"பாத்துத் தாறேன் சேர்" என்றேன். பார்க்கவில்லை. கள்ளன் பிடிக்க வந்தவனுக்குப் பிரிண்டர் ஒரு பெரிய விஷயமா?

இரண்டு வாரம் அங்கேயே தங்கச் சொன்னார்கள். மண்டபத்து மூலையில் ஒரு மேசை தந்தார்கள். பெயருக்குக் கணினி திருத்துபவன், உண்மையில் ஒற்றன். தம்பி தங்கச்சிமாரே, அந்த மேசையில் நீங்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். சந்தேகம் என்ற ஒன்று தலைக்குள் ஏறிவிட்டால் மனிதர்கள் மூக்கைச் சொறிவதுகூடக் குற்றமாகத் தெரியும். பெரிய கிளாக்கர் நான் பக்கத்தில் போனாலே மேசை லாச்சியைப் படாரென்று சாத்தினார். இந்த ஆளாக இருக்குமோ என்று இரண்டு நாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், சீனி வருத்தக்காரர், வீட்டம்மாவுக்குத் தெரியாமல் லாச்சிக்குள் தொதல் இனிப்பு வைத்துத் தின்கிறார். ஆபீஸ் பியோன் பியசேன எந்நேரமும் தாள்களோடு நடந்தான். அவனை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இங்கிலீஷ் தெரியாதவன், அவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

ஜெயராணியைத்தான் விடவில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். குறித்துக்கொண்டேன். ஒரு தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அதையும் குறித்துக்கொண்டேன். (அது ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் என்பதும், ஆபீஸுக்குத் தெரிந்தால் இருக்கிற வேலைக்கும் ஆபத்து என்று பயந்தாள் என்பதும் பிறகு தெரிந்தது.) பஸ் நிற்கும் ஹோல்டில் சங்கத் தலைவரோடு நின்று பேசினாள். அவர் அவளுடைய சொந்தப் பெரியப்பா, பேசாமல் வேறென்ன செய்வாள்? அதையும் குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை என் மேசைக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, ஒரு சின்ன ஒதவி. காலையில மிஷினப் போட்டதும் ஏதோ தொறக்க முடியலன்னு ஒரு கட்டம் வருதுங்க. நீங்க வயரு மாத்துன நாள்ல இருந்துதான். என்னான்னு பாத்துச் சொல்றீங்களா?"

அட, நம்மையே ஆழம் பார்க்கிறாளே என்று நினைத்தேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். டீயைக்கூடக் குடிக்கவில்லை, அதிலும் ஏதோ இருக்கிறதாக எனக்கு ஒரு நினைப்பு. என் புத்தியை என்னவென்று சொல்ல!

இரண்டாம் வாரம் வெடித்தது. நில அளவைக்காரர்கள் என்றைக்கு வருகிறார்கள், லயத்தை எந்தப் பக்கத்திலிருந்து உடைப்பது என்பதுவரை தலைவர் பெரட்டில் நின்று சொன்னார். முன்பு ஒரு வசனம் போனது, இப்போது முழுக் கடிதமும் போயிருந்தது. துரை என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"பிரிச்ச பெறகு கொறையணும். கூடியிருக்கு. எப்படி?"

அவர் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"நீயும் லயத்து ஆளுதானே?"

அந்தக் கேள்வி எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சோதனைச் சாவடியில் நின்ற முக்கால் மணி நேரம் ஞாபகம் வந்தது.

"திங்கக்கெழம பொலிசுக்குக் குடுக்கப்போறேன். ரிப்போர்ட் எழுது. ரிப்போர்ட்ல ஒரு பேர் இருக்கணும்" என்றார். நான் பேர் தராவிட்டால் எந்தப் பேர் போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் வேலை போவது சின்ன விஷயம். ஆளே எங்கே போனார் என்று தெரியாமல் போகலாம்.

மேசைக்கு வந்து பதிவைத் திறந்தேன். இருந்தது. ஜெயராணியின் கணினியிலிருந்து துரையின் பிரிவுக்குள் நுழைய முயற்சி, தடுக்கப்பட்டது. அடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு நாளும், காலை எட்டு மணிக்கு.

கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், அவள் கணினியைப் போட்ட அந்த நிமிஷத்தில். இது ஆள் தட்டுவதல்ல, இயந்திரம் தட்டுவது. நான் மூடிய பழைய பொதுப் போல்டரை அவளுடைய கணினி இன்னும் ஞாபகம் வைத்துக்கொண்டு, தானாகவே போய்த் தேடுகிறது. கிடைக்காதபோது ஒரு கட்டம் காட்டுகிறது. அவள் வந்து கேட்டது அதைத்தான். இது எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். தலையின் ஒரு மூலையில் தெரிந்துகொண்டேதான் இருந்தது. எழுந்து போய் அவளுடைய மேசையில் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் எழவில்லை. பார்த்தால் என் கையில் இருந்த பெயர் போய்விடும், பிறகு துரையின் கையில் என் பெயர்தான் மிஞ்சும்.

எழுதினேன், இங்கிலீஷில், நல்ல உத்தியோக நடையில். நலன்புரிப் பிரிவு ஜெயராணியின் கணினியிலிருந்து தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழையத் தொடர்ந்து முயற்சி நடந்துள்ளது என்று. ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமும் பொய். வெள்ளிக்கிழமை மத்தியானம் பென் டிரைவில் போட்டுத் துரையிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று அர்த்தம்.

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். ஜெயராணி என் மேசைக்கு வந்து நின்றாள். கையில் கால் தாள் அளவில் ஒரு துண்டு. என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இது ஒங்க ரிப்போர்ட்டுங்களா?"

துண்டு என்றால் தோட்டத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் காய்ச்சல், காயம் என்றால் நேரே டிஸ்பென்சரிக்குப் போய் நிற்க முடியாது. ஆபீஸில் வந்து பெயரும் நோயும் எழுதி முத்திரை குத்திய ஒரு துண்டு வாங்கவேண்டும். துண்டு இருந்தால்தான் மருந்து. அதற்கென்று யாரும் புதுத் தாள் செலவழிப்பதில்லை. ஒரு பக்கம் அச்சான வேண்டாத தாள்களைப் பியோன் நாலாக வெட்டி ஆணியில் குத்தி வைப்பான். வெறும் பக்கத்தில் கிளாக்கர் எழுதிக் கொடுப்பார். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் அப்பாவின் துண்டைத் திருப்பிப் பார்த்துத்தான் நானே இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தேன். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். கொழும்பிலிருந்து வந்த ஒருவன் இதை நினைத்துப் பார்க்காமல் விட்டால் மன்னிக்கலாம். நான் விட்டேனே!

துண்டின் முன்பக்கம் அவளுடைய அம்மாவின் பெயர், காய்ச்சல், ஆபீஸ் முத்திரை. பின்பக்கம் என் வசனம், நடுவில் அவளுடைய பெயர்.

"அம்மாவுக்கு ரெண்டு நாளா காச்சலுங்க. காலையில துண்டு வாங்கிட்டுப் போச்சு. டிஸ்பென்சரி வரிசையில பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுக் காட்டியிருக்கு. மருந்தும் வாங்காம ஒரே ஓட்டமா ஓடியாந்திருச்சு. வெளிய நின்னு அழுவுது." அவளுடைய குரல் உயரவில்லை. "அந்தக் கட்டம் ஏன் வருதுன்னு ஒங்ககிட்டதானேண்ணே கேட்டேன்?"

பியசேனவின் ஆணிக்கு ஓடினேன். கட்டைப் பிரித்துப் பார்த்தால் துரையின் கடிதங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, நாலாக வெட்டி அழகாக அடுக்கியிருந்தது. பியசேன பயந்துபோனான். "தொரை ஒண்ணுதானே கொண்டாரச் சொல்றாரு. மத்த ரெண்டும் வீணாப் போகுதேன்னு வெட்டுனேன் மாத்தயா. முந்தி அவரு கசக்கிக் கூடையில போடுறதத்தான் நீவி எடுத்து வெட்டுவேன். இப்பதான் நெறைய வருது" என்றான். முதல் கசிவும் அந்தக் கூடைதான். இரண்டாவது நான், பதில் போகாமல் துரை மூன்று தடவை அமுக்கியதில் மிஞ்சிய தாள்கள்தான் இவை, என் ரிப்போர்ட் உட்பட. நான் போட்ட தடுப்புத்தான் கடிதங்களை லயம் லயமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கட்டை அப்படியே எடுத்து எரித்துவிடலாமா என்று தோன்றியது. என் பிரிண்டர் பிழை யாருக்கும் தெரியாது, கசிவும் நின்றுவிடும், எல்லாம் நான் சாதித்ததாகவே இருக்கும். திங்கட்கிழமை மட்டும் ஜெயராணி போவாள். அரை நிமிஷம் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய அம்மா கொங்காணிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். துரையின் கதவைத் தட்டினேன்.

மேசையில் துண்டுகளை ஒட்டிவைத்துக் காட்டினேன். பிரிண்டர் பிழை என்னுடையது என்றேன். அந்தப் பதிவு இயந்திரத்தின் வேலை, அவள் ஒன்றும் செய்யவில்லை, அது தெரிந்தும் எழுதினேன் என்றேன். திட்டித் தீர்ப்பார் என்று நின்றேன். அவர் தன் கடிதத்தின் கால் துண்டு ஒன்றை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் யாருக்கோ வயிற்றுப்போக்கு.

"அப்ப கள்ளன் நானும் நீயும்தான்" என்றார். ரிப்போர்ட்டைக் கிழித்தார். "முடிஞ்சுது. வெளிய யாருக்கும் சொல்ல வேணாம்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போலிருந்தது. ஜெயராணியிடம் ஓடிப்போய், "எல்லாம் முடிஞ்சிருச்சு தங்கச்சி, பொலிசுக்குப் போகாது" என்றேன்.

"ஒங்களுக்கு முடிஞ்சிருச்சு" என்றாள். "மூணு தாளு அடிச்சதுல ரெண்டு துண்டாயிருச்சு. எம் பேரு இருக்கிற இன்னொரு துண்டு யாரு கையில இருக்கோ? திங்கக்கெழமைக்குள்ள தோட்டம் பூராப் போயிரும். பாதிப் பேரு, நீதான் சேதி குடுத்தியாம்மான்னு கும்புடுவாங்க. மிச்சப் பேரு பொலிசுக்குப் பயந்து எங்க வாசலுக்கே வரமாட்டாங்க. நான் ரெண்டும் இல்லீங்களே! அத எந்தத் தொரை போயி லயத்துல சொல்லுவாரு?"

"நான் என்ன செய்யணும்?"

"அது எப்புடிப் போச்சோ அப்புடியே இதுவும் போகணும். எழுதிக் குடுங்க. தமிழ்ல."

அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஜெயராணி ஆபீஸிலிருந்து எதையும் எடுக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, அவருடைய பெயரை ரிப்போர்ட்டில் எழுதியது நான் செய்த பிழை. கீழே என் பெயர். அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

"ஏன் எழுதுனீங்கன்னு இல்லையே" என்றாள்.

தாளைத் திரும்ப வாங்கி, 'பயந்து எழுதினேன்' என்று சேர்த்தேன். தலையாட்டினாள். ஒரு தாளில் நாலு வரும்படி நூறு தாள் அடித்தோம். பியசேன வெட்டி ஆணியில் குத்தினான். துரைக்குத் தெரிந்துதான் இருக்கவேண்டும், கண்டும் காணாமல் விட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்தத் தோட்டத்தில் காய்ச்சல், இருமல், கைவெட்டு என்று வந்தவர்கள் எல்லாரும் என் எழுத்தை எடுத்துக்கொண்டுதான் டிஸ்பென்சரிக்குப் போனார்கள். லயத்தை உடைக்கும் பேச்சு சங்கம் தலையிட்டு நின்றுபோனது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஜெயராணி அடுத்த வருஷம் ஆசிரியை வேலை கிடைத்துப் போனாள் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கிருந்த கடைசி நாட்களில் அவள் என்னோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஆகவே பிள்ளைகளே, பிரிக்கச் சொன்னால் பிரித்துக் கொடுங்கள். போகிற வழி, வருகிற வழி இரண்டையும் உட்கார்ந்து சோதியுங்கள். பதிவில் ஒரு பெயர் தெரிந்தால், எழுதுவதற்கு முன் எழுந்து அந்த மேசைவரை நடந்து போய்ப் பாருங்கள். யார் என்று கேட்டு மேலே இருந்து நெருக்கினால், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். அதை எழுதும்போது பயமாக இருக்கும். இருக்கட்டும், எழுதுங்கள்.

நான் புறப்பட்ட அன்று பஸ் ஹோல்டில் கொழுந்து எடுக்கும் ஒரு நடுவயது அம்மா உட்கார்ந்திருந்தார். விரலில் வெள்ளைத் துணிக் கட்டு, கையில் துண்டு. என்னையும் என் பையில் இருந்த கேபிளையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பயந்து எழுதுன ஆளு நீங்கதானா?"

"ஆமாங்க" என்றேன்.